அப்பாவுக்கு இடுப்பு வலி என்று நான் சொன்ன நாள்

ஜோயல் ராசா,

இதை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். நம் ஊர் பிஸ்கட்டவேயில் சனிக்கிழமை தோறும் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதன் பலன் இன்றைக்குத்தான் கிடைக்கப்போகிறது. மெசேஜில் அனுப்பியிருந்தால் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு மீட்டிங்குக்குப் போயிருப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே "ஓகே அம்மா, ஓகே" என்பாய். காகிதம் என்றால் மெதுவாகப் படிப்பாய். மெதுவாகப் படிக்கிறவனுக்குக் கோபமும் மெதுவாகத்தானே வரும், அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன். இந்தக் கவருக்குள் இரண்டு டிஸ்க் இருக்கின்றன. கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை அவற்றை எடுக்காதே.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் உனக்குப் போன் செய்தேன் அல்லவா. உன் கல்யாணத்துக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது, மண்டபம், சாப்பாடு, கோட் தைக்கக் கொடுத்தது எல்லாம் பேசி முடித்துவிட்டு, நெஞ்சுக்கு எக்கோ எடுத்தாயா என்று கேட்டேன். மூன்றாவது தடவையாக அப்பாயின்ட்மென்ட்டைக் கேன்சல் செய்திருந்தாய். "நாட் பிஃபோர் த வெட்டிங், அம்மா. ப்ளீஸ்" என்றாய். ஷெரினிடமும் அவள் வீட்டாரிடமும் இதைப் பற்றி மூச்சு விட வேண்டாம், கல்யாணம் முடியட்டும், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாய். போனை வைத்துவிட்டுச் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தேன். உன் மேல் கோபம் வரவில்லை. நீ இங்கிலீஷில் சொன்னதை நான் வார்த்தைக்கு வார்த்தை தமிழில் சொல்லியிருக்கிறேன், உன் அக்கா கல்யாணத்துக்கு முன்னால், உன் அப்பாவிடம். அப்பா என் பேச்சைக் கேட்டார். உன் சித்தப்பா செத்துப்போனார். இதில் உனக்குப் பாதிக் கதைதான் தெரியும். மீதியை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது.

இருபத்திரண்டு வருஷமாக சி.டி. ஸ்கேன் எடுப்பதுதான் என் பிழைப்பு. நோயாளியை மேஜையில் படுக்கவைத்து, கையில் ஊசியைக் குத்தி, "மருந்து உள்ளே போகும்போது உடம்பு சூடாகும், ஒன்றுக்குப் போய்விட்ட மாதிரி இருக்கும், போயிருக்க மாட்டீர்கள், பயப்படாதீர்கள்" என்று ஒரு நாளைக்குப் பதினைந்து பேரிடம் சொல்கிறவள். நெஞ்சு வலி என்று வருகிற எல்லோருக்கும் மாரடைப்பு இல்லை. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் இருக்கிறதே, அயோர்ட்டா, அதன் உள்சுவர் சிலருக்குக் கிழிந்துவிடும். ரத்தம் அந்தக் கிழிசலுக்குள் புகுந்து சுவரை இரண்டாகப் பிரித்துக்கொண்டே போகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஈ.சி.ஜி. சுமாராக இருக்கும், எக்ஸ்ரேகூடச் சில பேருக்கு நன்றாகவே இருக்கும். மருந்து ஏற்றி சி.டி. எடுத்தால்தான் குட்டு வெளிப்படும். வெள்ளை வட்டத்துக்கு நடுவே ஒரு மெல்லிய கோடு தெரியும். அதைப் பார்த்த நிமிஷம் ரேடியாலஜி டாக்டருக்குப் போன் போகும், சர்ஜன் வருவார், எல்லோரும் ஓடுவார்கள். நான் மட்டும் நோயாளியிடம் முகம் மாறாமல் "நல்லா ஒத்துழைச்சீங்க" என்று சொல்லிவிட்டு மேஜையை இறக்குவேன். இன்னொன்றும் உண்டு. இதயம் துடிக்கிற துடிப்பில் குழாய் ஆடி, இல்லாத கோடு சில சமயம் இருக்கிற மாதிரித் தெரியும். அதற்காகவே துடிப்பைப் பார்த்துப் பார்த்துப் படம் எடுப்போம். இல்லாததை இருக்கிறது என்று சொல்லிவிடக் கூடாது என்பதில் நாங்கள் அவ்வளவு கவனம். இருந்த ஒன்றை என் வீட்டில் நான் மறைத்தேன்.

அப்பாவுக்கு ஒரு மாசமாக இருமல் நிற்கவில்லை என்று நெஞ்சுக்கு ஒரு சாதாரண சி.டி. எடுத்தோம். நுரையீரலில் ஒன்றுமில்லை. ரிப்போர்ட்டின் கடைசி வரியில்தான் அது இருந்தது. அயோர்ட்டா இதயத்தை விட்டு மேலே ஏறும் இடத்தில் வீங்கி, நாலு புள்ளி நாலு சென்டிமீட்டர். அந்த வரியை வேறு யாராவது படித்திருந்தால் தாண்டிப் போயிருப்பார்கள், நான் அன்றைக்கே இதய டாக்டரிடம் தேதி வாங்கினேன். அந்த டாக்டர், இப்போது உனக்கிருக்கும் வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு, பதற்றமில்லாமல் சொன்னாள். இப்போது ஆபரேஷன் வேண்டாம், பிரஷரைக் கட்டுக்குள் வையுங்கள், பாரம் தூக்காதீர்கள், வருஷத்துக்கு ஒருமுறை அளவு பார்ப்போம். பிறகு பேனாவை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்து, கூடப் பிறந்தவர்கள் உண்டா, பிள்ளைகள் உண்டா என்று கேட்டாள். டெக்சஸில் ஒரு தம்பி, எனக்கு இரண்டு பிள்ளைகள் என்றார் அப்பா. இது குடும்பத்தில் ஓடக்கூடியது, மூன்று பேரும் ஒரு எக்கோ எடுத்துவிடட்டும், ஊசிகூட இல்லை, அரைமணி நேர வேலை என்றாள். உன் தாத்தா பாளையங்கோட்டை மார்க்கெட்டில் நின்ற இடத்திலேயே விழுந்து போனவர். மாரடைப்பு என்று சொல்லி அடக்கம் பண்ணிவிட்டார்கள், யார் படம் எடுத்துப் பார்த்தார்கள். அதை அப்பா சொல்ல வாயெடுத்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

ஏன் என்று கேள். அக்காவுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த வாரம் அது. மாப்பிள்ளையின் அம்மா நல்லவர்தான், ஆனால் எதையும் விசாரிக்காமல் விடமாட்டார். சுகர் உண்டா, பிரஷர் உண்டா, பெண்ணின் தாத்தா எதனால் போனார், எல்லாம் கேட்டுவிட்டார். டாக்டரிடமிருந்து திரும்பி வரும்போது காரில் அப்பா சித்தப்பாவுக்குப் போன் போடப் போனார். நான் கையிலிருந்து பிடுங்கினேன். "இப்ப வேண்டாம். தம்பிட்ட சொன்னா அவர் பெண்டாட்டிட்ட சொல்லுவார், அவ ஜெப குரூப்ல போட்டுடுவா. கல்யாணம் முடியட்டும், நான் பாத்துக்கறேன்" என்றேன். உனக்கு நம் ஜெப குரூப்பைத் தெரியும். ஒருவருக்குக் கிட்னியில் கல் என்று காலையில் போட்டால், மத்தியானத்துக்குள் பக்கத்து ஊர் எடிசனில் ஒருவர் வாழைத்தண்டு வாங்கிக்கொண்டு வாசலில் நிற்பார், திருநெல்வேலியில் இரண்டு சபைகள் உபவாசம் இருக்கும். அவ்வளவு அன்பு. அந்த அன்பு மாப்பிள்ளை வீட்டு வாசல் வரை போய்விடுமே என்றுதான் பயந்தேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள், நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, சும்மாதானே இருக்கிறேன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அப்பா ரோட்டைப் பார்த்து வண்டியை ஓட்டினார். வீடு வந்ததும், "பாவம்டி, அவன்ட்ட மட்டுமாவது சொல்லிடுவோம்" என்று ஒருதரம் கேட்டார். நான் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

சும்மா இருந்ததாவது அந்த ஒரு மாசத்தோடு நின்றது. நிச்சயதார்த்தத்துக்கு உன் சித்தப்பா டெக்சஸிலிருந்து வந்தாரே, நினைவிருக்கிறதா? ஓக் ட்ரீ ரோட்டில் ஹால் பிடித்திருந்தோம். முந்தின நாள் காலை, ஸ்பீக்கர், தண்ணீர்க் கேஸ், மடக்கு நாற்காலி எல்லாவற்றையும் கராஜிலிருந்து வேனில் ஏற்ற வேண்டியிருந்தது. அப்பா ஓரமாக நின்று எண்ணிக்கொண்டிருந்தார். சித்தப்பா இரண்டு ஸ்பீக்கர்களை ஏற்றிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டே சமையலறைக்கு வந்தார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். "என்ன மைனி, அண்ணன் ஒரு சாமானத் தொட மாட்டேங்கான்? மாமனார் ஆகப் போறோம்னு கெத்தா?" என்று சிரித்தார். அந்த இடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். கேட்டவரே அவர், கேட்டதும் சரியான கேள்வி. அப்போது சொல்லியிருக்கலாம். நான் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே, "அவங்களுக்கு இடுப்பு வலி" என்றேன். "ஐயோ, சொல்லவே இல்லையே" என்று வருத்தப்பட்டார். பிறகு வெளியே போய், "நீ போய் உக்காருண்ணே, நான் பாத்துக்கறேன்" என்று அண்ணனை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு மிச்சம் எல்லாவற்றையும் அவரே தூக்கினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தூக்கக் கூடாதவர் என்று யார் கண்டது, யாரும் அளவு பார்க்கவில்லையே. பார்க்கச் சொல்ல வேண்டியவள் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

அக்கா கல்யாணம் முடிந்தது. பாத்துக்கறேன் என்று சொன்ன நான் என்ன பார்த்தேன்? முதலில் மறுவீடு என்றேன், பிறகு மாப்பிள்ளைக்கு வேலை மாற்றம் என்றேன். கொஞ்ச நாள் போனதும் வேறொரு சங்கடம் சேர்ந்துகொண்டது. இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்ற வெட்கம். நாளாக நாளாக அது கூடிக்கொண்டே போனது. ஆனால் அப்பாவை மட்டும் நான் விடவில்லை. வருஷம் தவறாமல் ஸ்கேன், அதுவும் பக்கத்திலிருக்கும் சென்டருக்குப் போனால் தெரிந்த முகம் ஒன்று வந்துவிடும் என்று நாற்பது நிமிஷம் வண்டி ஓட்டிக்கொண்டு போய். பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதே இடத்தில் அளந்து, ஒரு மில்லிமீட்டர் கூடியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கூடவில்லை என்றதும் வழியில் காபி வாங்கிக் குடித்துவிட்டு வருவோம். நீ காலேஜில் சேரும்போது ஒரு உடல்நலப் படிவம் வந்தது, அதையும் நான்தான் நிரப்பினேன். குடும்பத்தில் இதயமோ ரத்தக்குழாயோ சம்பந்தப்பட்ட நோய் உண்டா என்ற கட்டத்தில் இல்லை என்று டிக் அடித்தேன். அடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனேன் ராசா, அதுதான் இப்போது உறுத்துகிறது.

சித்தப்பா போன அந்த வியாழக்கிழமை நான் வேலையில் இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது சித்தி போன் செய்தாள். "அக்கா, அவங்களுக்கு நெஞ்சு வலி, எமர்ஜென்சில இருக்கோம். ஹார்ட் அட்டாக் மாதிரி இருக்குன்னு சொல்றாங்க. வீட்டுல யாருக்காவது இருக்கான்னு கேட்டாங்க, அவங்க அப்பாவுக்கு அட்டாக்னு சொன்னேன். ஜெபம் பண்ணுங்கக்கா" என்றாள். வலி முதுகுக்குப் போகிறதா என்று கேட்டேன். "ஆமாக்கா, கிழிக்கிற மாதிரி இருக்குன்னு சொன்னாங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். டாக்டரிடம் போனைக் கொடு என்றேன். இவருடைய அண்ணனுக்கு அயோர்ட்டா வீங்கியிருக்கிறது, தயவுசெய்து உடனே சி.டி. எடுங்கள் என்று சொன்னேன். ரத்தம் உறையாமலிருக்க மருந்து ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தது. மாரடைப்புக்கு அது மருந்து, கிழிந்த குழாய்க்கு அதைவிடக் கெடுதல் இல்லை. உடனே நிறுத்தினார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். கோடு இருந்தது, இதயத்தின் வாசலிலிருந்து வயிறு வரை. அங்கே அந்த ஆபரேஷன் செய்ய ஆள் இல்லை, வேறு ஆஸ்பத்திரிக்கு ஹெலிகாப்டரில் ஏற்றினார்கள். போய்ச் சேருவதற்குள் போய்விட்டார். ஐம்பத்தோரு வயசு. அந்த டாக்டர்களை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். சரியான கேள்வியைத்தான் கேட்டார்கள். சித்திக்குத் தெரிந்திருக்க வேண்டிய பதில் என்னிடம் இருந்தது.

அடக்கத்தன்று அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பெரியத்தானுக்கு இருக்கறது உங்களுக்கு எப்பத்துல இருந்து தெரியும்?" என்று உன் அப்பாவைப் பற்றிக் கேட்டாள். "மூணு வருஷமா" என்றேன். அவள் அழவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. தலையை ஆட்டிவிட்டு, வந்தவர்களுக்குக் காபி போதுமா என்று பார்க்கப் போய்விட்டாள். அன்றைக்கு நீ பார்க்கிங்கில் என்னைப் பார்த்து "யூ நியூ?", முன்னாலேயே தெரியுமா, என்று கத்தினாய். அதற்கு நான் பட்ட வருத்தத்தைவிட அவள் காபி பார்க்கப் போனதற்குப் பட்டது அதிகம். அதற்கு அப்புறம் பண்டிகைக்குக்கூட அவள் என்னோடு பேசியதில்லை. உன் அப்பாவோடு பேசுவாள்.

அப்பாவின் கதை உனக்குத் தெரியும். அடுத்த ஸ்கேனில் நாலு புள்ளி எட்டு. வேறு ஒருவருக்கென்றால் இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம், கூடப் பிறந்த தம்பிக்குக் கிழிந்திருக்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம் என்று சர்ஜன் சொன்னார். வீங்கிய இடத்தை வெட்டி எடுத்துவிட்டுத் துணிக்குழாய் ஒன்றை வைத்துத் தைத்தார்கள். ஆறாம் மாசம் தோட்டத்தில் தக்காளி நட ஆரம்பித்துவிட்டார். தான் உயிரோடு இருப்பதே தம்பி செத்ததால்தான் என்று ஒருநாள் அவரே சொன்னார். நான் பேச்சை மாற்றினேன். அக்கா எக்கோ எடுத்தாள், சுத்தமாக இருக்கிறது. நீ மட்டும்தான் பாக்கி. உன் உயரமும் அந்த நீள விரல்களும் அப்படியே சித்தப்பாவுடையவை, இந்த நோய் உள்ள சிலரிடம் நான் பார்க்கிற உடல்வாகு. சின்ன வயசில் எல்லோரிடமும் அதைப் பெருமையாகச் சொல்வேன்.

ஆகையால் கேள். கல்யாணத்துக்கு முன்னால் போ, அடுத்த வாரமே போ. எக்கோவில் ஒன்றுமில்லை என்று வரலாம், வரட்டும், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். கொஞ்சம் பெரிதாக இருக்கிறது என்றால் ஒரு சி.டி. எடுப்பார்கள், அளவு தெரியும். அளவு தெரிந்தவன் பயப்பட வேண்டியதில்லை, உன் அப்பாவைப் பார். ஷெரினிடம் நீயே சொல். அவள் வீட்டில் சொல்ல வேண்டுமென்றால் நானும் அப்பாவும் வருகிறோம், நான் பேசுகிறேன். அவர்கள் யோசிக்கலாம், வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம், அப்படியெல்லாம் நடக்காது என்று உனக்குச் சத்தியம் பண்ண என்னால் முடியாது. ஆனால் நாளைக்கு உனக்கு முதுகு கிழிகிற மாதிரி வலித்தால், எமர்ஜென்சியில் உன் பக்கத்தில் நிற்கப்போகிறவள் அவள். டாக்டர் கேட்கிற கேள்விக்கு அவளிடம் பதில் இருக்க வேண்டும். நான் ஒருத்தியை வெறுங்கையோடு நிற்கவிட்டேன். நீயும் அதைச் செய்யாதே. நேற்று வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் நானே எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அப்பா, சித்தப்பா, நான் மறைத்தது. உன் பெயரைச் சொல்லவில்லை, அது நீ சொல்ல வேண்டியது. இதுவரை வாழைத்தண்டு ஒன்றும் வரவில்லை. இரண்டு பேர் தங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சாவு உண்டு, என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று தனியாகக் கேட்டார்கள்.

இப்போது டிஸ்க்குகளை எடு. நீலக் கவரில் இருப்பது அப்பாவுடையது, எல்லா வருஷத்துப் படங்களும் இருக்கின்றன, உன் டாக்டரிடம் கொடு. இன்னொன்று சித்தப்பாவின் கடைசி ஸ்கேன். உன்னோடு பேசி முடித்த அன்றைக்கே நான் சித்தியைக் கூப்பிட்டேன். எடுக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன், எடுத்தாள். உனக்காகக் கேட்கிறேன் என்றேன். பிறகு, அவள் கேட்காமலேயே, சமையலறையில் நடந்ததையும் சொன்னேன், சித்தப்பா என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்பதை. "இடுப்பு வலின்னு நீங்கதான் சொன்னீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "வீட்டுக்கு வந்து எங்கிட்டச் சொன்னாங்க. அண்ணனுக்கு இடுப்பு வலியாம், பாவம், அடுத்த தடவை போறப்ப ஒரு பெல்ட் வாங்கிட்டுப் போவோம்னு. வாங்கியும் வச்சிருந்தாங்க, கல்யாண அவசரத்துல எடுக்க மறந்துட்டோம்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

பார்சல் புதன்கிழமை வந்தது. டிஸ்க்கின் உறைமேல் உனக்கு எழுதியிருக்கிறாள், படித்துப் பார்: "ஜோயல், சித்தப்பாவோட படத்தை உன் டாக்டர்ட்டக் காட்டு. கல்யாணத்துக்கு நான் வர்றேன். அதுக்கு முன்னாடி நீ போய்ட்டு வா." உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எனக்கென்று ஒரு வார்த்தையும் இல்லை. டிஸ்க்குக்கு அடியில் அந்த பெல்ட் இருந்தது, அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல். உன் அப்பா அதைப் பிரித்துச் சட்டைக்கு மேலேயே கட்டிக்கொண்டார். நான் இதை எழுதுகிற இந்த நேரத்தில்கூட, எதிரே, அதைக் கட்டிக்கொண்டுதான் பேப்பர் படிக்கிறார். அவருக்கு இடுப்பு வலி இல்லை, ராசா. ஒருநாளும் இருந்ததில்லை.

அம்மா